இடது, வலது, ஒருமுறை கண் சிமிட்டவும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. புகார்க் கடிதமாகத் தொடங்கியது. அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நாலாவது வரியில் என் விரல் நின்றுவிட்டது. "தலை வலிக்குதும்மா, நீ போய்ப் படு, நான் முடிச்சு வைக்கிறேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன். அப்போது மணி பத்தரை. இப்போது ஒன்றே முக்கால். கடிதம் அதே நாலாவது வரியில்தான் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதுதான் வசதி.

எனக்குப் பதினாறு வயது. அம்மா ஒரு ஆப் நிறுவனத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலை எட்டு மணிக்கு அவள் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், நாலு பேர் முன்னால் நின்று ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லப் போகிறாள். அவள் சொல்லப்போவது உண்மையில்லை. அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பொய்யை அவளிடம் சொன்னதே நான்தான்.

கதை என்றால் தொடக்கம் வேண்டும் இல்லையா. மூன்று வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கண்காணிப்பு நாளுக்கு நாள் பெருகிவரும் இந்தக் காலத்தில், ஒரு சாதாரண ஓட்டுநரின் முகம்கூட ஒரு"

வேண்டாம். இது என்னுடைய பக்கத்தின் நடை. நானும் சார்ஜரும் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறோம். (சார்ஜர் என் வகுப்புத் தோழன். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் "சார்ஜர் இருக்கா?" என்பான். அவன் பெற்றோர் வைத்த பெயர் இப்போது ஆசிரியர்களுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது.) தொழில்நுட்பச் செய்திகள், புது கேம்கள், அதைப் பற்றியெல்லாம் எங்கள் மேலான அபிப்பிராயங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள்.

அதில் நான் பெரிய ஆள். "காசு கொடுத்து வாங்கிய கேமை கம்பெனி நினைத்த நாளில் பிடுங்கிக்கொள்ளும் என்றால், நீங்கள் வாங்கியது என்ன?" என்று கேட்டது நான். "பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகம் போனால்?" என்று கேட்டதும் நான். அதற்கு நாற்பத்தொரு பேர் கை தட்டினார்கள்.* இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், அந்த வரியை எழுதும்போது அம்மாவின் முகத்தை நான் எடுத்து எட்டு நாள் ஆகியிருந்தது.

* நாற்பத்திரண்டு. ஒன்று என்னுடைய இன்னொரு கணக்கு.

இரண்டாவது தொடக்கம்: "பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் தன் தாயை ஏமாற்றி"

நான் என்று யாருக்கும் தோன்றக்கூடாது என்பதற்காகத்தான் பையனாக்கினேன். ஒரு பக்கம் வரை எழுதிப் பார்த்தேன். அவனை எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் செய்ததைத்தான் அவனும் செய்கிறான். ஆனால் அவன் செய்தால் அவ்வளவு கேவலமாகத் தெரிகிறது. அந்தப் பையனை அனுப்பிவிட்டேன். நானே வருகிறேன்.

3

மூன்றாவது தொடக்கம்.

நான் விளையாடும் கேமில் ஒரு கப்பல். நாலு பேர் சேர்ந்தால்தான் அது நகரும். ஒருவர் வரைபடம் பார்ப்பார், ஒருவர் பாய்மரம், ஒருவர் ஓட்டை அடைப்பார். நான் சுக்கான் பிடிப்பேன். மற்ற மூவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்கு என் பெயரே சுக்கான்தான். பள்ளிக்கு நான் போகாவிட்டால் வருகைப் பதிவேட்டுக்குத்தான் தெரியும். அங்கே நான் வரும்வரை நங்கூரத்தை எடுக்கமாட்டார்கள். "சுக்கான் வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்பார், "இன்னும் இல்ல, இரு" என்று இன்னொருவர் சொல்வார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் புது விதி வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் வயதை நிரூபிக்க வேண்டும்: கேமராவில் முகம் காட்டு, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, ஒருமுறை கண் சிமிட்டு. குழந்தைகளின் நன்மைக்காக என்று செய்தியில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் எங்கள் கப்பல் துறைமுகத்தைக்கூடத் தாண்டாது.

நாலு நாள் அவர்கள் எனக்காகப் பொறுத்தார்கள். ஐந்தாவது நாள் ஓட்டை அடைப்பவர் எழுதினார்: "சுக்கான், தப்பா நினைக்காதே, வேற ஆள் பாக்கலாமான்னு யோசிக்கிறோம்."

அன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்.

"அம்மா, ஸ்கூல் ஆப்ல பேரன்ட்ஸ் முகம் பதியணுமாம்."

"எதுக்காம்?"

"பாதுகாப்புக்கு. வேற யாரும் வந்து எங்களக் கூட்டிட்டுப் போயிடக் கூடாதுல்ல."

"உன்ன யாருடி கூட்டிட்டுப் போவா? ஒரு வேளை சோத்துலயே திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவான்." சிரித்தாள். "இரு, தலையை வாரிட்டு வரேன். ஸ்கூல்ல என்ன நினைப்பாங்க."

தலை வாரி, முகம் கழுவி, சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு வந்தாள். நான் போனை நீட்டி "இடது பக்கம் திரும்பு" என்றேன்.

"எனக்கே சொல்லித் தரியா? தெனம் காலைல அஞ்சரைக்கு இதைத்தான பண்றேன். இப்படிக் காட்டினா ஏத்துக்காது, லைட்டுக்கு நேரா நிக்கணும். தள்ளு."

கார் ஆப் தினமும் வேலை தொடங்கும் முன் முகம் கேட்கும். அம்மா அதில் கைதேர்ந்தவள். விளக்குக்கு நேராக நின்றாள். இடது. வலது. சிமிட்டு. ஒரே தடவையில் பச்சை டிக் விழுந்தது.

"பாத்தியா? நம்ம ரிவர்ஸ் அக்காவுக்கு நாலு தடவை ஆகும்" என்றாள், கூட ஓட்டும் தோழியைச் சொல்லி.

கேம் கணக்கில் என்ன பெயர் போட்டேன் தெரியுமா? கணக்கு வாத்தியார் பெயரில் முன் பாதி, நூலகர் பெயரில் பின் பாதி. பிறந்த தேதி, கைக்கு வந்த ஏதோ ஒன்று. அன்று இரவு எங்கள் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிப் போனது.

4

இன்று மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது கார் வாசலில் நின்றது. அந்த நேரத்தில் அது நிற்காது. அம்மா ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் வெளியே. கையில் போன்.

"இதப் படி. எனக்கு ஒண்ணும் புரியல."

படித்தேன். *உங்கள் முகம் வேறொரு பெயரில் உள்ள கணக்குடன் ஒத்துப்போகிறது. விசாரணை முடியும்வரை உங்கள் ஓட்டுநர் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.* திரையின் அடியில் சின்னதாக ஒரு நீல வட்டம், நடுவில் ஒரு புள்ளி. முகம் சரிபார்க்கும் நிறுவனத்தின் முத்திரை. கேமிலும் அதே நீல வட்டம்தான். மூன்று வாரமாக அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் அதிகம் கூச்சமாக இருக்கிறது. அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருடைய முகங்களையும் ஒரே கிடங்கில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறது என்ற செய்தி பதினோரு நாள் முன்பு வந்தது. அதை எங்கள் பக்கத்தில் போட்டது நான். "இது அநியாயம்" என்று தலைப்பு வைத்தேன். தலைப்புக்கு ஆச்சரியக்குறி ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று பத்து நிமிடம் சார்ஜருடன் சண்டை போட்டேன். அந்தக் கிடங்கில் என் அம்மா இரண்டு பெயரில் இருக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

அம்மா உதவி எண்ணுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். இருபது நிமிட இசைக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்க நிலைமை எனக்குப் புரியுது மேடம்."

"புரியுதுல்ல? அப்ப திறந்து விடும்மா."

"அது என் கையில இல்ல மேடம். சிஸ்டம் எடுத்த முடிவு."

"அப்ப அந்த சிஸ்டம்கிட்ட போனைக் குடு, நான் பேசிக்கிறேன்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. (அவளை வில்லியாக எழுத முயன்றேன். முடியவில்லை. இந்தக் கதையில் வில்லன் வேண்டும் என்று மனசு தவிக்கிறது. கம்பெனியைப் போடலாம், பொருத்தமும்தான்: முதலில் பூட்டிவிட்டுப் பிறகு கேள்வி கேட்கிறார்கள், எந்தக் கணக்கு, எந்தப் பெயர் என்று அவளிடம் சொல்லக்கூட இல்லை. தன் முகம் தன்னுடையதுதான் என்று ஒரு மனுஷி அலுவலகத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் தப்பு, பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆனால் எழுத எழுத எனக்குக் கொஞ்சம் நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.)

ஆறு மணிக்கு ரிவர்ஸ் அக்கா வந்தாள். அம்மாவுடன் வேலை செய்யும் ஓட்டுநர். காரைப் பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் சாமி வந்தவள்போல ஆகிவிடுவாள், அதனால் அந்தப் பெயர். உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

"எல்லார்கிட்டயும் பேசிட்டேன். நாளைக்கு எட்டு மணிக்குப் பதினோரு பேர் ஆப்பை அணைச்சிட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கிறோம்."

"ஐயோ, எனக்காக எதுக்குடி உங்க பொழப்பக் கெடுத்துக்கறீங்க?"

"உனக்காகன்னு யாரு சொன்னா? இன்னிக்கு உன் முகம், நாளைக்கு என் முகம். ஏற்கெனவே என் முகத்த அதுக்குப் பிடிக்காது." பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீ வேற எங்கயும் காட்டலையே? யாருக்காவது கணக்கு தொறந்து குடுத்திருந்தா சொல்லிடு. அது தெரிஞ்சா மொத்தமா தூக்கிடுவான், அப்புறம் திரும்பவே முடியாது."

"சத்தியமா இல்லடி."

நான் சமையலறையில் அவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை போட்டேனா என்று மறந்துபோய் இன்னொரு தடவை போட்டேன். இருவரும் அதையும் குடித்து முடித்தார்கள்.

5

பத்து மணிக்குக் கடிதம்.

"நீதான் நல்லா எழுதுவியே. நான் சொல்றேன், நீ அழகா மாத்திப் போடு."

முதல் வரி மரியாதை. இரண்டாவது வரி, ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஒரு புகார்கூட இல்லை. மூன்றாவது வரி, அந்த இன்னொரு கணக்கு என்னுடையது இல்லை.

"நாலாவது, என் முகத்தை நான் வேறு எங்கும் பதிவு செய்ததில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "இரு, இரு. பதிஞ்சோமே. உன் ஸ்கூலுக்கு."

"அது எதுக்கும்மா? அது சும்மா ஸ்கூல்தானே. விட்டுடலாம்."

"ஏன் விடணும்? பின்னாடி கேட்டா நான் மறைச்சேன்னு ஆயிடும். 'என் மகளின் பள்ளிக்கு ஒருமுறை தவிர'ன்னு போடு. வேணும்னா ஸ்கூல்ல கேட்டுக்கட்டும், போன் நம்பரும் போடு."

அங்கேதான் நின்றது.

நான் அவளிடம் சொன்ன பொய், அவள் வாயில் நேர்மையாக மாறிக் கடிதத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்கள் பள்ளிக்குப் போன் போடுவார்கள். பள்ளியில் அப்படி ஒரு பதிவே இல்லை என்பார்கள். பதினோரு பேர் வெளியே நின்றுகொண்டிருப்பார்கள்.

6

பதினொன்றுக்குச் சார்ஜரிடம் சொன்னேன். எழுத்தில்தான், பேசினால் சத்தம் கேட்கும்.

"லூசாடி நீ?"

"தெரியும். இப்ப என்ன பண்ண?"

"கேம் கணக்க டெலீட் பண்ணிடு. முகமும் போயிடும். ஆதாரம் காலி."

"விதிமுறைய படிச்சேன். கணக்க அழிச்சாலும் முகத்த மூணு வருஷம் வச்சிருப்பாங்களாம். நாற்பத்தேழாவது பக்கத்துல இருக்கு."

"நீ நாற்பத்தேழு பக்கம் படிச்சியா?"

"இப்பதான்."

அவன் தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருப்பது தெரிந்தது.

"அப்ப அந்த நாலாவது வரிய மட்டும் எடுத்துடு. அம்மா கண்ணாடி போடாம படிக்க மாட்டாங்கல்ல."

"வாயால சொல்லிடுவா. எங்கம்மாவ உனக்குத் தெரியாதா?"

"தெரியும். போன வாரம் நான் சாப்பிட்டேன்னு பொய் சொன்னதுக்கே அரை மணி நேரம் விசாரிச்சாங்க."

பிறகு எழுதினான்: "சொல்லிடு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத." பிறகு: "இல்ல, வேணும்னா நான் காலைல வரேன். கூட நிக்கிறேன்." பிறகு: "சார்ஜ் ரெண்டு பர்சென்ட்."

அதோடு சரி.

7

முடிவுகள்.

அ) மகள் நாலாவது வரியை எடுத்துவிடுகிறாள். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கணக்கு திறந்துவிடுகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். மகள் வளர்ந்து பெரியவளாகி, டிஜிட்டல் உரிமைகள் பற்றி மேடையில் பேசுகிறாள். (இதை எழுதி முடித்ததும் எனக்கே பொறுக்கவில்லை. நிஜமாகவே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

ஆ) மகள் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்குப் போன் போகிறது. ரிவர்ஸ் அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள். அம்மா

இல்லை. அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

இ) மகள் உண்மையைச் சொல்கிறாள். அம்மா அவளை அணைத்துக்கொண்டு, "பரவாயில்லை கண்ணே, நீ பயந்துபோய்ச் செய்துவிட்டாய், உன்னைவிட எனக்கு வேலையா பெரிது?" என்கிறாள்.

இதை மூன்று தடவை படித்தேன். அழுகைகூட வந்தது. நாலாவது தடவை படித்தபோது, இது யார் என்று தோன்றியது. என் அம்மா இப்படிப் பேசமாட்டாள். "கண்ணே" என்று ஜென்மத்தில் சொன்னதில்லை. அவளுக்கு வேலை பெரிதுதான். ஆறு வருடமாக அந்தக் காரில் அவள் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள வேண்டும், எந்தக் கண்ணாடியை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறாள்; கழுவும் இடத்தில் யாராவது அதை மாற்றிவிட்டால் அன்று முழுக்க எரிந்து விழுவாள். அதை அவள் இழக்கக்கூடும், என்னால். என்னை மன்னிக்கச் சொல்லி அவள் வாயில் நான் ஒரு வசனத்தை வைத்திருக்கிறேன், அவளைக் கேட்காமல்.

இதற்கு முன்பும் அவளிடமிருந்து ஒன்றைக் கேட்காமல் எடுத்திருக்கிறேன். அப்போதும் எனக்குத் தேவையாக இருந்தது என்பதுதான் காரணம்.

ஆகவே "இ"-யை அழித்துவிட்டேன். நீங்கள் மேலே படித்தது, அழித்ததை நினைவிலிருந்து திரும்ப எழுதியது.

8

ஒன்று மட்டும் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். ரிவர்ஸ் அக்கா சொன்னது, முகத்தை அடுத்தவர் கணக்குக்குக் *கொடுத்தால்* வேலை போகும் என்றுதான். அம்மா கொடுக்கவில்லை. நான் ஏமாற்றி எடுத்தேன். அதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். அவள் சொன்னால் அவர்கள் நம்புவார்களா என்று தெரியாது. "பிள்ளையை முன்னால் தள்ளி நாடகம் போடுகிறாயா?" என்றுகூடக் கேட்கலாம். கேம் கணக்கு போய்விடும். அது சின்ன விஷயம். (சின்ன விஷயம் இல்லை. ஆனால் இன்றைக்கு அதைப் பற்றி எழுத எனக்கு வாய் இல்லை.)

அம்மாவின் கடிதத்தைத் தொடவில்லை. தனியாக ஒன்று எழுதினேன். ஐந்து வரி. என் அபிப்பிராயம் எதுவும் அதில் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை.

*நான் இந்த ஓட்டுநரின் மகள். வயது பதினாறு. நீங்கள் சொல்லும் இன்னொரு கணக்கு என்னுடையது. பள்ளிக்கு என்று பொய் சொல்லி அம்மாவின் முகத்தைப் பதிவு செய்தேன். இது என்ன கணக்கு என்று அவருக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கும்வரை தெரியாது.*

கீழே என் பெயர். பாதி பாதியாக ஒட்டியது இல்லை, முழுப் பெயர்.

இதை அலுவலகத்தில் கொடுப்பதா, கிழித்துப் போடுவதா, என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் செய்ய வேண்டியது கதவைத் தட்டுவது மட்டும். அதை ஒன்றே முக்காலிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன், இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி. உங்களுடன் பேசிக்கொண்டிருந்தால் தட்ட வேண்டியதில்லை, அதனால்தான் கதை இவ்வளவு நீண்டுவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டே முக்கால் ஆகிறது. இதோ இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்து

9

தட்ட வேண்டியிருக்கவில்லை. உள்ளே கட்டில் முனகியது. ஸ்விட்ச் சத்தம். கதவுக்கு அடியில் வெளிச்சம் வந்தது.

"என்னடி, இன்னுமா முடியல? நாலு வரி எழுத இவ்வளவு நேரமா?"

"நீ தூங்கலையாம்மா?"

"தூக்கம் எங்க வருது. அஞ்சரைக்கு எந்திரிச்சு யாருக்கு முகத்தக் காட்டப் போறேன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

அவசரமாகத் தட்டச்சு செய்கிறேன்; பிழைகள் இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

"முடிஞ்சுதும்மா. ரெண்டு கடிதம் இருக்கு. வந்து படி."

"ரெண்டா? எதுக்கு ரெண்டு?"

"வந்து படிம்மா."

"இரு, கண்ணாடி எங்க வச்சேன்னு பாக்கறேன்."

தலையணைக்கு அடியில் தேடுகிறாள். மேஜை இழுப்பறையைத் திறந்து மூடுகிறாள். அது கிடைக்கும்வரைதான் இந்தக் கதைக்கு நேரம். அவள் வந்து இந்த நாற்காலியில் உட்காருவாள். நான் பக்கத்தில் நிற்பேன். படிக்கும்போது அவள் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்த்துத்தான் ஆக வேண்டும். உங்களுக்குச் சொல்லமாட்டேன். அவள் என்ன பேசினாள் என்பதையும் எழுதமாட்டேன், நீங்களும் தயவுசெய்து அவளுக்காக எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள். முடிவு வேண்டுமென்றால் எனக்கு ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

கண்ணாடி கிடைத்துவிட்டது. வருகிறாள்.